நீரைக் குடித்துக் கல்லாகும் மாவு

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்னும் வெள்ளை மாவை நீரில் குழைத்து, மாலையாகக் கோக்கும் மணிகளைக் குழந்தைகளுடன் செய்யும் பலரும், ஈரம் காய்வதால்தான் அது இறுகுகிறது என்று எண்ணுகிறார்கள். சேறு அப்படி இறுகும். பிளாஸ்டரோ நீருக்கடியில் கிடந்தாலும் கெட்டியாகிவிடும். மிச்சக் கலவையைக் கழுவுதொட்டியில் கொட்டியவர்களுக்கு இது தெரியும். அடைப்பெடுக்க வந்தவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

இந்த மாவின் மூலம் ஜிப்சம் என்னும் கல். அதில் ஒவ்வொரு கால்சியம் சல்பேட் அலகுடனும் இரண்டு நீர் மூலக்கூறுகள் பிணைந்திருக்கின்றன. கல்லைப் பொடித்து ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால், அந்த நீரில் முக்கால் பங்கு ஆவியாகி வெளியேறிவிடும். எஞ்சுவதுதான் நாம் வாங்கும் வெள்ளை மாவு. இழந்த நீரைத் திருப்பிக் கொடுத்தால் மீண்டும் ஜிப்சமாகிறது. கல் நீரை இழப்பதையும் மாவு அதைத் திரும்பப் பெறுவதையும் ஆராய்ந்து, 1765இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் கட்டுரை படித்தார் வேதியியலாளர் லவோசியே. அப்போது அவருக்கு வயது 21.

கோப்பைக்குள் நடப்பது இதுதான்: மாவு நீரில் கொஞ்சம் கரைகிறது. ஜிப்சமோ அதைவிடக் குறைவாகவே கரையக்கூடியது. ஆகவே கரைந்த பொருள் கரைசலில் தங்க முடியாமல் ஜிப்சம் படிகங்களாக வெளியேறுகிறது. இடம் கிடைத்ததும் இன்னும் கொஞ்சம் மாவு கரைகிறது. படிகங்கள் ஊசி ஊசியாக நீண்டு, இரு கைவிரல்களைக் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்கின்றன. இந்தக் கோர்வைதான் மணியின் உறுதி. இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டு இளக்க முயன்றால் கோர்வை அறுந்துபோகும். அந்த மணி பிறகு விரல் பட்டாலே உதிரும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் குழைப்பதே மேல்.

பழைய பிளாஸ்டர் ஒட்டிய கோப்பையில் குழைத்தால் கலவை ஏன் சீக்கிரமே இறுகுகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஒட்டியிருக்கும் துகள்கள் ஜிப்சம் படிகங்கள். புதிய படிகங்கள் வளர அவை வித்தாகின்றன. அதிகம் கிளறினாலும் இதே கதைதான், முளைவிட்ட படிகங்கள் உடைந்து வித்துகள் பெருகுகின்றன. சிறிதளவு உப்பும் இறுகலை விரைவுபடுத்தும். சிட்ரிக் அமிலம் தாமதப்படுத்தும். பொறுமையாக அச்சில் ஊற்றும் குழந்தைகளுக்கு இரண்டாவதுதான் உதவும்.

மணியின் துளைக்கு எண்ணெய் தடவிய உறிஞ்சுகுழலையோ மெல்லிய குச்சியையோ அச்சின் நடுவில் நிறுத்தலாம். கலவையின் மேற்பரப்பில் நீரின் பளபளப்பு மறைந்ததும் குச்சியை மெல்லத் திருகிவிட வேண்டும். முழுதும் இறுகியபின் இழுத்தால் மணி பிளக்கும். இறுகும்போது பிளாஸ்டர் சுருங்குவதில்லை, மிகச் சிறிதளவு விரியும். அச்சின் நுண்ணிய கோடுகள்கூட மணியில் பதிவது அதனால்தான்.

நீர் பிணையும்போது வெப்பம் வெளிப்படுகிறது. சின்ன மணியில் அது உடனே காற்றில் கலந்துவிடும். வெதுவெதுப்பாக மட்டுமே தெரியும். பெரிய பாத்திரத்துக் கலவையில் அது வெளியேற வழியின்றித் தேங்குகிறது. 2007இல் இங்கிலாந்தில் கலை வகுப்பொன்றில் கைகளை அச்சு எடுப்பதற்காக அவற்றைப் பிளாஸ்டருக்குள் வைத்த 16 வயது மாணவி, கடும் தீக்காயத்தால் விரல்களை இழந்தார். கையையோ காலையோ பிளாஸ்டருக்குள் புதைக்கும் விளையாட்டுக்கு எந்த வயதிலும் இடமில்லை. மாவைக் கொட்டும் வேலை பெரியவருடையது. அதன் தூசியைக் குழந்தைகள் சுவாசிக்கக் கூடாது. எதையும் வாயில் போடும் வயதினருக்கு மணிகளே எட்டக் கூடாது.

இனி எடைக் கணக்கு. 100 கிராம் மாவு கல்லாவதற்கு 19 கிராமுக்குச் சற்றுக் குறைவான நீர் போதும். ஆனால் அவ்வளவே விட்டால் கலவை ஊற்றும் பதத்துக்கு வராது. 60 கிராமுக்குக் குறையாமல் சேர்க்கிறோம். எஞ்சிய 40 கிராம் சொச்சம் யாருக்கும் தேவைப்படாத நீர். மெல்ல ஆவியாகி, தான் இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுச்செல்கிறது. தண்ணீரைக் கூட்டினால் துளைகளும் கூடும், மணி பலவீனமாகும்.

ஆக, காய்தல் என்பது இறுகியபின் வரும் தனி வேலை. அரை மணி நேரத்தில் கல்லாகிவிட்ட மணி காய்வதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். கன்னத்தில் வைத்தால் சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு அடுப்பில் வைத்தால் பிணைந்த நீரும் பிரியத் தொடங்கி, மணி மீண்டும் மாவின் வழிக்கே திரும்பும். நன்றாகக் காய்ந்தபின் மேடுபள்ளங்களை உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் தீட்டலாம். நுண்துளைகள் வண்ணத்தை உறிஞ்சிக்கொள்வதால் முதல் பூச்சு மங்கலாகவே தெரியும். இரண்டாவது பூச்சு எடுப்பாக நிற்கும். மேலே வார்னிஷ் பூசிய பிறகும் அந்த மாலையுடன் குளிக்க விடாதீர்கள். ஜிப்சம் நீரில் சிறிதளவு கரையும்.