எல்.எஸ்.டி டிஃபரன்ஷலை வீட்டில் திறக்கப் போகிறீர்களா?

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் கராஜுக்கு முன்னால் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. பின் சீட்டில் வெள்ளவத்தையைச் சேர்ந்த ஒரு தம்பி, அவர் காலடியில் ஒரு அரிசிச் சாக்கு. சாக்கை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. உள்ளே நிசான் சில்வியா எஸ்13 காரின் பின் டிஃபரன்ஷல், அதாவது எஞ்சின் விசையை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி, அக்கக்காகக் கழற்றிய நிலையில். அது எல்.எஸ்.டி, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் 'லிமிடெட் ஸ்லிப்' வகை. கூடவே ஒரு பிஸ்கட் டின். அதில் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய வளையம்), பெயாரிங் கெப் (பெயாரிங்கை அதன் இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் மூடி), போல்ட் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

"அண்ணை, புது பிளேட் செட் வாங்கி வைச்சிருக்கிறன். நீங்கள் பூட்டித் தந்தால் போதும்" என்றார்.

எந்த ஷிம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கேட்டேன். தெரியவில்லை. கெப் இரண்டிலும் இடது, வலது என்று அடையாளம் போட்டாரா? இல்லை. கழற்ற முதல் பெக்லாஷ், அதாவது பற்சக்கரப் பற்களுக்கு இடையிலுள்ள இடைவெளி, அளந்தாரா? அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பழைய பிளேட்டுகளை, அதாவது உள்ளே ஒன்றோடொன்று உரசும் மெல்லிய வட்டத் தகடுகளை, துடைத்து, புதியவற்றோடு வைத்து மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தேன். வித்தியாசம் 0.03 மில்லிமீட்டருக்கு மேல் எதிலும் இல்லை. அந்த பிளேட்டுகள் இன்னும் பல வருடம் ஓடியிருக்கும்.

பிறகு ஏன் கழற்றினார்? பார்க்கிங்கில் மெதுவாகத் திருப்பும்போது பின்பக்கம் குடுகுடு என்று உதறியதாம். ஒயில் எப்போது மாற்றியது என்று கேட்டேன். இரண்டு மாதம் முந்தி, ஒரு சேர்விஸ் ஸ்டேஷனில். போனில் பில் இருந்தது. சாதாரண ஜிஎல்-5, 80டபிள்யூ-90 கியர் ஒயில். எல்.எஸ்.டிக்கு உரிய ஒயில் அல்ல. உதறலுக்கு அதுதான் காரணம். ஓரிரண்டு லீட்டர் சரியான ஒயிலில் முடிந்திருக்க வேண்டிய விஷயம், ஒரு டிஃபரன்ஷலே சாக்கில் வந்து சேர்ந்துவிட்டது.

இப்படி வருகிறவர்கள் இப்போது அதிகம். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கையில் இருந்த பழைய நிசான் சில்வியா, மாஸ்டா ஈயுனோஸ், டொயோட்டா ஏஇ86 எல்லாம் பொக்கிஷமாகிவிட்டன. கராஜில் விட்டு வேலை செய்விக்கும் செலவும் கூடியது. அதனால் வீட்டுப் போர்ட்டிகோவில் தாங்களே இறங்கி வேலை செய்கிறார்கள். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். தன் காரைத் தானே கழற்றிப் பார்ப்பவன் அதைக் கவனமாக ஓட்டுவான். ஆனால் இந்த வேலையில் வீட்டில் செய்யக்கூடியது எதுவரை, எந்த இடத்தில் கையை எடுக்கவேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். எல்.எஸ்.டி என்ற பெயரில் மூன்று வெவ்வேறு சாமான்கள் இருக்கின்றன. விஸ்கஸ் வகையில் சிலிக்கோன் திரவம் நிறைந்த மூடிய உருளை ஒன்று இருக்கும். அது செத்தால் மாற்றுவதுதான், திறந்து திருத்த முடியாது. சில்வியாவில் கொம்பனி போட்டு வந்ததும், 1.6 ஈயுனோஸ் ரோட்ஸ்டரில் வந்ததும் பெரும்பாலும் இதுதான். டோர்சன் வகை முழுக்கப் பற்சக்கரங்களால் ஆனது, கிளட்ச் பிளேட் கிடையாது. 1.8 ரோட்ஸ்டரிலும் டொயோட்டா 86இலும் அதைப் பார்க்கலாம். மூன்றாவதுதான் பிளேட் வகை. ஏஇ86இல் தெரிவாகக் கிடைத்ததும், ஜப்பானில் தனியாக வாங்கிப் போடுவதும், அந்தத் தம்பியின் காரில் இருந்ததும் இது. "ரீபில்ட்" என்று பேசுவது இந்த மூன்றாவதைத்தான். டோர்சன் உள்ள ரோட்ஸ்டருக்கு பிளேட் செட் கேட்டு, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கடை கடையாக அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை.

பிளேட் வகை வேலை செய்யும் விதம் எளிது. சாதாரண டிஃபரன்ஷல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுழன்றால் மற்றதற்கும் அந்தச் சொற்ப விசைதான் கிடைக்கும். எல்.எஸ்.டியில், நடுத்தண்டு இரண்டு அழுத்த வளையங்களின் சரிவில் உட்கார்ந்திருக்கும். ஆக்சிலேட்டர் மிதித்ததும் தண்டு சரிவில் ஏறி, வளையங்களை இரண்டு பக்கமும் தள்ளும். வளையங்கள் பிளேட்டுகளை நெரிக்கும். ஒரு பிளேட் வெளிக்காதால் கூட்டோடு பூட்டியது, அடுத்தது உள்பல்லால் சைட் கியரோடு பூட்டியது. இப்படி மாறி மாறி அடுக்கியிருப்பார்கள். நெரிபட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுழலப் பார்க்கும். மெதுவாகத் திருப்பும்போது இந்த பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியாக வேண்டும். அதற்குத்தான் எல்.எஸ்.டி ஒயிலில் தனிச் சேர்க்கை இருக்கிறது. அது இல்லாவிட்டால் பிளேட்டுகள் பிடித்துப் பிடித்து விடும். நீங்கள் கேட்கும் குடுகுடு அந்தச் சத்தம்தான்.

ஆகவே உதறல் என்றால் முதல் வேலை ஒயிலை மாற்றுவது. மாற்றிவிட்டு ஆளில்லாத ஒரு மைதானத்தில் மெதுவாக எட்டுப் போட்டுப் பாருங்கள், பத்துப் பதினைந்து நிமிடம். பாதிப் பேருடைய பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஒயிலை வடிக்க முதல் மேலே நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீழ் பிளக்கைத் திறந்து எல்லாம் வடிந்த பிறகு மேல் பிளக் இறுகிக் கிடப்பது தெரிந்தால், கார் வீட்டு வாசலைத் தாண்டாது. வடிந்த ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. 2016 மே வெள்ளத்துக்குப் பிறகு கொலன்னாவைப் பக்கமிருந்து வந்த கார்களில் அதை அடிக்கடி பார்த்தேன். டிஃபரன்ஷல் மேலே மூச்சுவிடும் துவாரம் ஒன்று உண்டு. வெள்ளத்தில் நின்ற கார் என்றால் எஞ்சினை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

பிளேட் தேய்ந்ததா என்று திறக்காமலே அறியலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கையும் எடுங்கள். ஒரு பின் சக்கரம் நிலத்தில் இருக்க, மற்றதைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். நாங்கள் ஒரு இரும்புத் தகட்டில் நடுவே நட் ஒட்டி வைத்திருக்கிறோம். அதை வீல் ஸ்டட்களில் பூட்டி, நட்டில் டோர்க் ரென்ச் போட்டு மெதுவாகத் திருப்புவோம். சக்கரம் அசையத் தொடங்கும் அளவைக் குறித்து, தயாரிப்பாளர் கொடுத்த அளவோடு பார்த்தால் பிளேட்டின் நிலை தெரிந்துவிடும். இதை எஞ்சின் நிறுத்திய காரில்தான் செய்யவேண்டும். எல்.எஸ்.டி உள்ள காரில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து கியரில் ஒருபோதும் விடாதீர்கள். நிலத்தில் நிற்கும் சக்கரம் இழுக்கும், கார் ஸ்டாண்டை விட்டுப் பாயும். கீழே ஆள் படுத்திருந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சத்தம் எங்கே வருகிறது என்று பார்க்க இப்படிச் செய்பவர்களை என் கண்ணாலேயே கண்டு ஓடிப்போய் நிறுத்தியிருக்கிறேன்.

சரி, அளந்தீர்கள், தேய்ந்துதான் இருக்கிறது. இப்போது திறக்கலாம். டர்போ சில்வியாவின் ஆர்200 முப்பது கிலோவைத் தாண்டும். மல்லாந்து படுத்து நெஞ்சின்மேல் இறக்கும் சாமான் அல்ல, இன்னொருவரையும் ஒரு ஜக்கையும் வைத்துக்கொண்டு இறக்குங்கள்.

பின்மூடியைக் கழற்றியதும் ஸ்பானரை எடுக்காதீர்கள், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை எடுங்கள். கிரவுண் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தின் பல்லில் ஊசியை நேராக வைத்து, அதை ஓட்டும் சிறிய பற்சக்கரமான பினியனை அசையாமல் பிடித்து, கிரவுண் வீலை முன்னும் பின்னும் ஆட்டினால் பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி தெரியும். அதுதான் பெக்லாஷ். நான்கு இடத்தில் அளந்து எழுதுங்கள். பெரும்பாலான ஜப்பான் கார்களில் இது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஒரு ஏ4 தாளின் தடிப்பு ஏறக்குறைய 0.1. அவ்வளவு நுணுக்கமான கணக்கு. இடைவெளி கூடினால் டக் டக் என்று அடிக்கும், குறைந்தால் சூடேறி ஊளையிடும், பிறகு பல் உதிரும்.

அடுத்தது அடையாளம். பெயாரிங் கெப்களைக் கூட்டோடு சேர்த்துப் பூட்டித்தான் கம்பனியில் துளை குடைகிறார்கள். ஆகவே இடது கெப் இடதுக்கு மட்டும்தான், அதுவும் மேல் கீழ் மாறாமல். சென்டர் பஞ்சால் இடதில் ஒரு புள்ளி, வலதில் இரண்டு புள்ளி, கெப்பிலும் பக்கத்துக் கூட்டிலும் போடுங்கள். ஒரு நிமிட வேலை. ஷிம்களைப் பக்கம் எழுதிய தனித்தனிப் பைகளில் போடுங்கள். எல்.எஸ்.டியின் கூட்டைப் பிரிக்க முதல் இரண்டு பாதியிலும் குறுக்கே ஒரு கோடு கீறுங்கள். பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கும்போது அதே வரிசையில் ஒரு கம்பியில் கோர்த்து வையுங்கள். கையில் போன் இருக்கிறது, ஒவ்வொரு அடியிலும் படம் எடுங்கள்.

இவ்வளவும் எதற்கு என்றால், அதே கூடு, அதே பெயாரிங், அதே ஷிம் அதே பக்கத்தில் திரும்பப் போனால் கிரவுண் வீல் இருந்த இடத்திலேயே உட்காரும். நீங்கள் மாற்றியது கூட்டுக்குள் இருக்கும் பிளேட்டுகளை மட்டும்தான். பூட்டிய பிறகு முதலில் எழுதிய அளவு திரும்ப வருகிறதா என்று பார்த்தால் போதும். வீட்டில் செய்யக்கூடியது இந்த வேலை.

வேறு எல்.எஸ்.டி போடுகிறீர்கள், அல்லது பெயாரிங் மாற்றுகிறீர்கள் என்றால் கணக்கு முழுக்க மாறிவிடும். பல்லில் நிறம் பூசி, பல் பதியும் இடத்தைப் பார்த்து, ஷிம் மாற்றி மாற்றி அளக்கவேண்டும். அதற்குப் பழகிய கை வேண்டும். பினியன் நட்டைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்கிறேன். பல கார்களில் அதன் உள்ளே நசுங்கும் வளையம் ஒன்று இருக்கிறது. நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி, பெயாரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்யும். ஒருமுறை அளவுக்கு மேல் நசுங்கினால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, புது வளையம்தான். பிளேட் மாற்ற வந்தவருக்கு அந்த நட்டில் எந்த வேலையும் இல்லை. ஒயில் சீல் கசிகிறது, அதையும் சேர்த்துப் பார்ப்போம் என்று தொட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில் கையை எடுத்து, தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள்.

எங்கள் ஊரின் உப்புக்காற்றையும் மறக்கவேண்டாம். வெள்ளவத்தையில் கடலோர ஒழுங்கையில் வீடு என்றால், மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பிளேட் இரண்டு இரவு மேசையில் கிடந்தாலே செம்மஞ்சள் துரு பிடித்துவிடும். அந்தத் தம்பியின் பிளேட்டுகளிலும் விரல் ரேகை பட்ட இடமெல்லாம் ரேகையின் வடிவத்திலேயே துரு ஏறியிருந்தது. கழுவியதும் ஒயில் பூசி, பொலித்தீனில் சுற்றி வையுங்கள். புதிய பிளேட்டுகளைப் பூட்ட முதல் எல்.எஸ்.டி ஒயிலில் ஊறவையுங்கள், உலர்ந்தபடி பூட்டக்கூடாது. கழுவ பெட்ரோல் வேண்டாம். மூடிய போர்ட்டிகோவில் அதன் ஆவி தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். வடித்த ஒயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள், அது வெள்ளவத்தைக் கால்வாய் வழியாக நேரே கடலுக்குப் போகும். கானில் அடைத்து, பழைய ஒயில் எடுக்கும் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள்.

பூட்டி முடிந்ததும் எட்டுப் போட்டுப் பிளேட்டுகளைப் பழக்கவேண்டும், இடது வலது இரண்டு பக்கமும் சமமாக. 500 கிலோமீட்டரில் ஒருமுறை ஒயிலை மாற்றச் சொல்வது என் வழக்கம், முதல் தேய்மானத் துகள் எல்லாம் அதில் வந்துவிடும். பின் டயர் இரண்டும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் நேர் ரோட்டிலும் பிளேட்டுகள் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

அந்த சில்வியாவின் டிஃபரன்ஷலைச் சரிசெய்ய எங்களுக்கு இரண்டு முழு நாள் போனது. கெப்பையும் கூட்டையும் பொருத்தி, பொருத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். நகம் தடக்கினால் தவறான பக்கம். அப்படித்தான் இடது வலது கண்டுபிடித்தோம். ஷிம்களை அளந்து, போட்டு, எடுத்து, நிறம் பூசி, திரும்பப் போட்டு, ஏழாவது தடவையில் பெக்லாஷ் 0.14இல் வந்து நின்றது. பழைய பிளேட்டுகளையே துரு நீக்கி, ஒயிலில் ஊறவைத்துப் போட்டேன். புது செட்டைத் தம்பி பத்திரமாக வைத்திருக்கிறார். மூடியைப் பூட்டியதும் அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் "எல்.எஸ்.டி ஒயில் மட்டும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதினோம். அடுத்த முறை காரைத் தூக்கி, கீழே நின்று பிளக்கில் ஸ்பானர் வைப்பவரின் கண்ணில் அது நேராகப் படும்.