தேரும் தேர்தலும் ஒரே மாதத்தில் வந்தால்

நீலகிரியில் பங்குனி, சித்திரை பிறந்தால் கோயில் வாசல்களில் கூட்டம் கூடிவிடும். உதகை மாரியம்மனுக்குத் தேர், குன்னூர் தந்தி மாரியம்மனுக்குத் திருவிழா. பொதுத் தேர்தலும் பெரும்பாலும் இதே வெயிலில்தான் வருகிறது. 2024இல் மார்ச் 16 அன்று தேதி அறிவித்தார்கள், ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு நடந்தது. அந்த ஐந்து வாரத்துக்குள் புனித வெள்ளி, ஈஸ்டர், ரம்ஜான், தமிழ்ப் புத்தாண்டு எல்லாம் வந்து போயின. வேட்பாளர் எந்த வாசலுக்கும் போகாமல் இருக்க முடியாது. போகக் கூடாது என்று சட்டமும் சொல்லவில்லை. பிறகு எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்? பெரும்பாலும் சாமி கும்பிட்டு முடித்த அடுத்த ஐந்து நிமிடத்தில், கைக்கு மைக் வந்ததும்.

நெற்றியில் திருநீறு, கழுத்தில் சிலுவை, தலையில் தொப்பி, இவை எதுவும் தப்பில்லை. வேட்புமனு கொடுத்த பிறகு எடுக்கும் உறுதிமொழியில்கூட இரண்டு வழி உண்டு. 'கடவுளின் பெயரால் ஆணையிட்டு' என்றும் சொல்லலாம், 'உளமார உறுதி' என்றும் சொல்லலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஏன் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் மனு பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் அந்த உறுதிமொழியை எடுத்தாக வேண்டும். மறந்தால் மனு தள்ளுபடி. சொத்து, கடன், குற்ற வழக்கு, படிப்பு எல்லாம் கேட்கும் படிவம் 26இல் மதம் என்று ஒரு கட்டமே கிடையாது.

கோடு விழுவது ஓட்டுக் கேட்கும் இடத்தில். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(3) இதைச் சொல்கிறது: மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றைக் காட்டி ஓட்டுப் போடு என்றோ போடாதே என்றோ கேட்பது ஊழல் செயல். மதச் சின்னத்தை அதற்குப் பயன்படுத்துவதும் அப்படியே. நிரூபணமானால் வென்ற தேர்தல் செல்லாமல் போகும், அதன்மேல் 6 ஆண்டு வரை தகுதி நீக்கமும் வரலாம்.

'நான் என் மதத்தைச் சொல்லவில்லையே, ஓட்டுப் போடுகிறவர் மதத்தைத்தானே சொன்னேன்' என்று முன்பு ஒரு வாதம் வைப்பார்கள். அந்தக் கதவு 2017 ஜனவரி 2 அன்று மூடப்பட்டுவிட்டது. அபிராம் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, 4க்கு 3 என்ற கணக்கில், வேட்பாளர் மதம், எதிராளி மதம், ஏஜென்ட் மதம், வாக்காளர் மதம் எல்லாமே இதற்குள் வரும் என்று சொல்லிவிட்டது. மலையில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பட்டியலில் மொழியும் சாதியும் இருக்கின்றன. கூடலூரில் மலையாளத்தில் பேசி ஓட்டுக் கேட்கலாம், ஹட்டியில் (படுகர் ஊரில்) படுக மொழியில் கேட்கலாம். 'நம் மொழிக்காரனுக்கே போடுங்கள்' என்றால்தான் வம்பு.

எல்லாச் சொல்லும் குற்றமாகிவிடாது. 1964இல் குல்தார் சிங் வழக்கில் 'பந்த்' (சீக்கியச் சமூகத்தைக் குறிக்கும் சொல்) என்று இருந்த சுவரொட்டியை உச்ச நீதிமன்றம் முழுதாகப் படித்துப் பார்த்து, அங்கே அந்தச் சொல் கட்சியைத்தான் குறிக்கிறது என்று விட்டுவிட்டது. துண்டு வாக்கியத்தை உருவிக் காட்டி வழக்கு நிற்காது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம். கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர், கோயிலுக்குப் போகும் சாலை, கபர்ஸ்தானுக்குத் தண்ணீர் என்று வாக்குறுதி கொடுப்பது ஊர் வேலை. 'நம்ம ஆள் வந்தால்தான் இது நடக்கும்' என்ற அடுத்த வரிதான் வேட்பாளரைக் கோர்ட்டுக்கு இழுக்கும்.

இரண்டு நுணுக்கம். வேட்புமனு தாக்கல் ஆன பிறகுதான் ஒருவர் சட்டப்படி வேட்பாளர் ஆகிறார். அதற்கு முன் பேசிய பேச்சை 123இன் கீழ் கொண்டுவர முடியாது, பகைமை மூட்டியதாகப் பிரிவு 125இன் கீழ் போலீஸ் வழக்காக்கலாம். அதில் 3 ஆண்டு வரை சிறை. இன்னொன்று, பேசியது வேறு யாரோ என்றால் வேட்பாளரோ அவருடைய தேர்தல் ஏஜென்டோ அதற்குச் சம்மதித்தார் என்று காட்டியாக வேண்டும். தோற்றுப்போகும் மனுக்கள் பல இந்தச் சம்மதத்தில்தான் தோற்கின்றன. மேடையில் வேட்பாளர் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாரா, அடுத்து எழுந்தவர் அதை மறுத்துப் பேசினாரா என்பதெல்லாம் அங்கே முக்கியம்.

அடுத்தது கற்பூரச் சத்தியம். தட்டில் கற்பூரம் ஏற்றி, பக்கத்தில் வெற்றிலையில் நோட்டை வைத்து, 'அடித்துச் சத்தியம் பண்ணு' என்று கேட்பது ஊருக்கு ஊர் தெரிந்த கதை. பணம் கொடுத்தது லஞ்சம், 123(1). மாற்றிப் போட்டால் சாமி குத்தம் வரும் என்று நம்ப வைத்தது 123(2). 'தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய்' என்று அச்சுறுத்துவதைச் சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது. 'ஊர் முடிவை மீறினால் ஒதுக்கி வைப்போம்' என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் ஒருமனதாக ஒரு வேட்பாளரை ஆதரிக்கலாம், மீறியவன் வீட்டுச் சாவுக்கு யாரும் போகக் கூடாது என்று கட்டுப்பாடு போட முடியாது. சத்தியம் செய்துவிட்டோமே என்று கலங்கும் பாட்டிமார்களுக்கு ஒன்று: பெட்டிக்கு முன்னால் நீங்கள் அழுத்தும் பொத்தான் யாருக்கும் தெரியாது, அந்தச் சத்தியத்துக்குச் சட்டத்தில் மதிப்பும் இல்லை.

அதிகம் பேருக்குத் தெரியாத சட்டம் ஒன்று இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தலைத் தடுக்கும் சட்டம். இது வேட்பாளரை விட்டுவிட்டு அறங்காவலர், பூசாரி, பங்குத்தந்தை, போதகர், முத்தவல்லி ஆகியோரைப் பிடிக்கிறது. நிறுவனத்துக்குச் சொந்தமான இடத்தையோ நிதியையோ, அது நடத்தும் திருவிழாவையோ ஊர்வலத்தையோ அரசியல் வேலைக்கு விடக்கூடாது. வேட்பாளருக்காகச் செய்யும் வேலையும் அரசியல் வேலை என்றே சட்டம் விளக்கம் தருகிறது. 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றால் பொறுப்பும் போகும். கோயில் மண்டபம், சர்ச் ஹால், பள்ளிவாசல் முற்றம் எல்லாமே 'இடம்' என்பதில் அடங்கும். 'வாடகை வாங்கிக்கொண்டுதான் விட்டோம்' என்பதை நம்பி இருக்க வேண்டாம். தேர் உபயத்துக்கு வேட்பாளர் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைக்க அனுமதிப்பதுதான் வழக்கமான சறுக்கல். பிரசங்க மேடையில் ஜெபத்தோடு ஜெபமாகப் பெயரையும் சின்னத்தையும் சேர்த்துச் சொல்வது அடுத்தது. யோசிக்காமல் நடப்பவை இவை. யோசிக்கவில்லை என்பது தப்பிக்க உதவாது.

அன்னதானத்துக்கு வேறு கணக்கு. கோயிலோ குருத்வாராவோ வழக்கமாக நடத்தும் பொதுச் சாப்பாட்டில் வேட்பாளர் சாதாரண ஆளாக வந்து உட்கார்ந்து சாப்பிட்டால் அது அவர் செலவில் ஏறாது. அவர் அரிசி மூட்டை கொடுத்திருந்தாலோ பந்தியில் ஓட்டுக் கேட்டாலோ செலவு அவர் கணக்கில் ஏறும். தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளருக்கு உச்ச வரம்பு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம். செலவுப் பார்வையாளரின் ஆட்கள் இலை எண்ணிக்கையையே படம் எடுத்துவிடுகிறார்கள்.

மதத்தைச் சட்டமே கேட்கும் இடம் தனித் தொகுதி. நீலகிரி மக்களவைத் தொகுதியும் அதற்குள் வரும் கூடலூர் சட்டமன்றத் தொகுதியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். பழங்குடியினருக்கு இந்த நிபந்தனை கிடையாது. தோடரோ இருளரோ எந்த மதத்தில் இருந்தாலும் பழங்குடியினர்தான். இரண்டு தொகுதிக்கும் விதியும் ஒன்றல்ல. கூடலூரில் நிற்க தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள சாதியாக இருக்க வேண்டும். மக்களவைக்கு வேறு மாநிலப் பட்டியலில் இருந்தாலும் போதும். எல்லையோரக் குடும்பங்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது.

இதில் ஆவணம் எப்படிப் பேசும் என்பதற்கு மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளம் வழக்கு இருக்கிறது. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அங்கே வென்ற சட்டமன்ற உறுப்பினர் கிறிஸ்தவர் என்று முடிவு செய்து தேர்தலை ரத்து செய்தது. தேவாலயப் பதிவேடும் கல்யாணப் படங்களும் அங்கே சாட்சிகளாக வந்தன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அவர் வெற்றி செல்லும் என்றது. அதற்கு முன், 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில், வேலையில் இட ஒதுக்கீடு பெறுவதற்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வதை ஏற்க முடியாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வட்டாட்சியர் கொடுத்த சான்றிதழ் பலமானது, ஆனால் ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ் ஆகியவற்றில் இருப்பதை முன்கூட்டியே எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பரிசீலனை நாளில் தேர்தல் நடத்தும் அலுவலர் சுருக்கமாகத்தான் விசாரிப்பார். அங்கே தப்பித்தது உயர் நீதிமன்றத்தில் மறுபடி எழும். டெபாசிட்டிலும் கவனம்: மக்களவைக்கு 25,000, பட்டியல் சாதியினருக்கு 12,500. பொதுத் தொகுதியிலும் பாதித் தொகை கட்டுபவர் அந்தச் சாதி நிலையைக் காட்டியாக வேண்டும். காட்ட முடியாவிட்டால் கட்டியது குறைந்த தொகை, மனு நிற்காது.

புகார் கொடுக்கிறவர்களுக்கு இரண்டு வழி. நடத்தை விதி மீறலுக்கு சி-விஜில் செயலி. சம்பவ இடத்திலேயே படமோ 2 நிமிட வீடியோவோ எடுக்க வேண்டும், பழைய வீடியோவை ஏற்றாது. 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது இலக்கு. மஞ்சூர், பந்தலூர் பக்கம் டவர் கிடைக்காத இடங்களில் 1950 எண்ணுக்குச் சொல்லி, எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

தேர்தலையே ரத்து செய்யக் கேட்பதானால் அது உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு. முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள். 2024இல் ஜூன் 4 முடிவு, ஜூலை 19 கடைசி. மழையில் மலைப்பாதை அடைத்தது, வக்கீலுக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்க முடியாது. 2,000 ரூபாய் பிணைத் தொகை, படிவம் 25இல் பிரமாணப் பத்திரம், எந்த ஊரில் எந்தத் தேதியில் யார் என்ன வார்த்தை சொன்னார் என்ற முழு விவரம் வேண்டும். 'பிரசாரம் முழுக்க மதம் பேசினார்' என்று பொதுவாக எழுதினால் தொடக்கத்திலேயே தள்ளிவிடுவார்கள்.

வீடியோதான் பெரும்பாலும் உயிர்நாடி. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த கிளிப் போதாது. எடுத்த ஃபோன், எடுத்தவர், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 63(4)இன்படி சான்றிதழ், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) எல்லாம் வேண்டும். கோப்பை வெட்டாமல், பெயர்கூட மாற்றாமல் வைத்திருங்கள். புது ஃபோன் வாங்கினாலும் பழையதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள், வழக்கு முடியும்வரை அது பீரோவில் இருக்கட்டும்.