‘ஃபுல் இன்ஜின் பண்ணியாச்சுங்க’ என்றால் எதை எல்லாம் பார்க்க வேண்டும்?

“போன வருசம்தான் ஃபுல் இன்ஜின் பண்ணியாச்சுங்க, நீங்க பெட்ரோல் மட்டும் ஊத்துனாப் போதும்.” கேஎல் நம்பர் போட்ட பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்கக் கோவையிலிருந்து வாளையார் தாண்டிப் போகிறவர் காதில் முதலில் விழுவது பெரும்பாலும் இதுதான். இந்த ஒரு வாக்கியத்தால் வண்டியின் விலை ஏறிவிடும். ஆனால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் மட்டும் மாற்றியதையும் ஃபுல் இன்ஜின் என்கிறார்கள். போர் அடித்து (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டை அரைத்து, சிலிண்டர்களை மூடும் ஹெட்டைச் சமதளமாக ஃபேசிங் செய்ததையும் அப்படித்தான் சொல்கிறார்கள். எது நடந்தது என்பதை எண்கள்தான் காட்டும்.

முதலில் பில்களைக் கேளுங்கள். பாகங்கள் வாங்கிய கடை பில் மட்டும் போதாது, லேத் பில்லும் வேண்டும். போர் அடித்தவர் ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்திருப்பார். அந்த அளவைக் குறித்த தாள் இருந்தால், வேலை பார்த்தவர் மைக்ரோமீட்டரை நம்பியவர் என்று தெரியும். ரிங் பில் இருந்து, சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்க்கும் ஹோனிங்குக்குப் பில் இல்லை என்றால் எச்சரிக்கையாக இருங்கள். ஓடி ஓடிக் கண்ணாடிபோல் வழவழப்பான சுவரில் புது ரிங் உட்காராது. ஹோனிங் கல் போடும் குறுக்குக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். ஹெட் போல்ட் பில்லையும் தேடுங்கள். பல நவீன இன்ஜின்களில் இந்த போல்ட்டுகளை நீளும் அளவுக்கு முறுக்கித்தான் பூட்டுகிறார்கள். ஒருமுறை நீண்ட போல்ட்டை மறுபடி போட்டால் பிடிமானம் குறைந்து, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் போய்விடும். சில ஸ்போர்ட்ஸ் கார்களின் அலுமினிய பிளாக்கில் சிலிண்டர் சுவருக்கு நிகாசில் என்ற மெல்லிய, கடினமான நிக்கல் பூச்சு உண்டு. அதைச் சாதாரண லேத்தில் போர் அடித்தால் பூச்சே போய்விடும். அப்படிப்பட்ட இன்ஜினுக்கு ‘போர் வேலை’ பில் கொண்டுவந்தால், அதற்குப் பிறகு சுவருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டும்.

அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட்: பிஸ்டன் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று பிளக் துளையில் கேஜ் வைத்து அளப்பது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, எரிபொருள் பம்ப்பையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறு கம்ப்ரஷன் அடி, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். டர்போ இல்லாத, 10:1 அளவில் கம்ப்ரஷன் விகிதம் உள்ள நல்ல பெட்ரோல் இன்ஜினில் 160 முதல் 200 பிஎஸ்ஐ வரை வரலாம். மொத்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி, 15 தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

இடத்தையும் கணக்கில் எடுங்கள். இன்ஜின் அமுக்குவது அந்த ஊர்க் காற்றைத்தான். பாலக்காட்டில் 180 காட்டும் அதே இன்ஜின், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 140 அளவில்தான் காட்டும். ஊட்டியில் எடுத்த எண்ணைப் பார்த்து நல்ல வண்டியை ஒதுக்கிவிடாதீர்கள்.

கம்ப்ரஷன் குறைகிறது என்று கேஜ் சொல்லும், காற்று எங்கே போகிறது என்று சொல்லாது. அதற்கு லீக் டவுன் டெஸ்ட். பிஸ்டனை கம்ப்ரஷன் அடியின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக 100 பிஎஸ்ஐ காற்றைக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் காற்றைக் காட்டும் முதல் கேஜ் 100 காட்டும்போது, சிலிண்டரில் நிற்பதைக் காட்டும் இரண்டாவது 92 காட்டினால் கசிவு 8 சதவீதம். பத்துக்குள் இருந்தால் நல்லது, 20-க்கு மேல் போனால் வேலை இருக்கிறது. பிறகு காதை வையுங்கள். சைலென்சரில் இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் இரைந்தால் இன்டேக் வால்வு. ஆயில் மூடியைத் திறந்ததும் இரைந்தால் ரிங், நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பது இதைத்தான். ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட், இல்லையேல் ஹெட்டில் விரிசல். ஒன்றை மறக்க வேண்டாம்: 86 மில்லிமீட்டர் பிஸ்டன்மேல் 100 பிஎஸ்ஐ என்றால் 400 கிலோவுக்கு மேல் விசை. பிஸ்டன் உச்சியிலிருந்து கொஞ்சம் விலகி இருந்தாலும் கிராங்க் வெடுக்கென்று சுற்றும். வண்டியை கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துவிடுங்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை விட்டுவைக்கக் கூடாது.

இந்த இரண்டு டெஸ்ட்டும் முரண்படும் இடத்தைத்தான் கேரள வண்டி வாங்குகிறவர் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு, ஆனால் லீக் டவுன் அருமையாக இருக்கிறது. காற்று எங்கும் கசியவில்லை, பிறகு ஏன் அழுத்தம் குறைகிறது? வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டிலோ வால்வு டைமிங்கிலோ கோளாறு இருக்கலாம். இல்லையென்றால் பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. தண்ணீருக்குள் ஓடும் இன்ஜின் ஏர் இன்டேக் வழியாகத் தண்ணீரை உறிஞ்சினால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, ராடு வளையும். ராடின் நீளம் 1 மில்லிமீட்டர் குறைந்தாலும் பிஸ்டன் அந்த அளவுக்குக் கீழேயே நின்றுவிடும். 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள இன்ஜினில் 10:1 விகிதம் ஏறக்குறைய 9.1:1 ஆகும், கேஜில் பத்தில் ஒரு பங்கு குறையும். ஓட்டிப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது, ஆயிலும் குடிக்காது. ஒருநாள் அதிக ஆர்பிஎம்மில் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

இதைப் பிடிக்க போரோஸ்கோப் வேண்டும். பிளக் துளை வழியாகக் கேமராவை இறக்கி, சிலிண்டர் சுவரின் உச்சியில் ரிங் தொடாத கரிப்பட்டையைப் பாருங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் பட்டை அகலமாக இருந்தால் அந்தப் பிஸ்டன் மேலே வரவில்லை என்று பொருள். அதே கேமராவில் செங்குத்துக் கீறல்களும் தெரியும். நகம் மாட்டும் ஆழத்துக்குக் கீறல் இருந்தால் ரிங் மாற்றிப் பயனில்லை.

கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பது பழைய வழக்கம். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ஆனால் போர்ஷே பாக்ஸ்டரில் உள்ளதுபோல் சிலிண்டர்கள் படுத்திருக்கும் படுக்கை இன்ஜின்களில் ஆயில் கீழ்ப்பக்கமே தேங்கும், அதனால் இந்த முறையை அங்கே நம்ப முடியாது. பாக்ஸ்டரில் பார்க்க வேண்டியது வேறு. 2008 வரையிலான இன்ஜின்களில் கிராங்க்குக்கும் கேமுக்கும் நடுவே இடைத்தண்டு ஒன்று உண்டு. அதன் பேரிங் உடைந்தால் இன்ஜினே போகும். “அந்த பேரிங் மாத்தியாச்சு” என்றால் அதே தேதியில் கிளட்ச் பில்லும், கிராங்க்கின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் ரியர் மெயின் சீல் பில்லும் இருக்கிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸை இறக்காமல் அந்த பேரிங்கைத் தொட முடியாது; இறக்கியவர் இவற்றையும் மாற்றாமல் விடுவது அபூர்வம். 2006 முதல் 2008 வரையிலான இன்ஜினில் பெரிய பேரிங் இருக்கிறது, பிளாக்கைப் பிரித்தால்தான் வெளியே வரும். அதனால் அதற்கு முழு இன்ஜின் பில்லே இருக்க வேண்டும்.

ஆயில் ஃபில்டரைக் கழற்றி அறுத்து, மடிப்புக் காகிதத்தை வெள்ளைத் துணியில் விரியுங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு: ரிங், கேம், செயின். ஒட்டாத வெள்ளித் துகள் அலுமினியம்: பிஸ்டனாக இருக்கலாம். செம்பு நிறம் வந்தால் பேரிங் தேய்ந்து அடிப்பாகம் தெரிகிறது. புதிதாக வேலை செய்த இன்ஜினில் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இரும்புத் தூள் இருப்பது இயல்புதான். செம்பு மட்டும் ஒருபோதும் இயல்பல்ல.

பிளாக்கையே மாற்றியிருந்தால் இன்ஜின் எண்ணும் மாறியிருக்கும். பிளாக்கில் அடித்திருக்கும் எண் ஆர்சியில் உள்ளதோடு பொருந்தாவிட்டால், கேரள ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்குவதற்கு முன்பே விற்பவரே அதைச் சரிசெய்து தர வேண்டும். கடைசியாக, முந்தைய இரவே விற்பவரிடம் சொல்லி வையுங்கள்: நீங்கள் போகும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. காலையில் போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில்தான் தளர்ந்த டைமிங் செயினின் சத்தமும் வால்வு சீல் வழியாக இறங்கிய ஆயிலின் நீலப் புகையும் வெளிப்படும்.