மொட்டை மாடியிலிருந்து வந்த அழைப்பு

2020 ஏப்ரல். ஊரடங்கு தொடங்கி மூன்றாவது வாரம். துணி காயப்போடும் சாக்கில் மாடிக்கு வந்து ஒரு பெண் வழக்கறிஞரான என்னை அழைத்தார். "அடிக்கிறார் மேடம். பஸ் ஓடலையே, அம்மா வீட்டுக்கு எப்படிப் போறது?" என்று கேட்டவர், யாரோ வரும் சத்தம் கேட்டுச் சட்டென்று போனை வைத்துவிட்டார்.

அடி விழுந்தால் அம்மா வீடு, நாலு நாளில் பெரியவர்கள் பேசித் திருப்பி அனுப்புவது. இத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். கொரோனா அதையும் அடைத்துவிட்டது. டாஸ்மாக் மூடியதால் அடி குறையும் என்று அப்போது சிலர் சொன்னார்கள். குடிக்காமலே அடித்தவர்களின் வழக்குகளும் என் மேசைக்கு வந்தன.

நான் அவரிடம் சொல்ல நினைத்தது இதுதான்: நீங்கள் ஏன் கிளம்ப வேண்டும்? குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன் 17-ஆம் பிரிவுப்படி, வீடு யார் பேரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. மாமனார் பேரில் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தக்கூடும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 19-ஆம் பிரிவின் கீழ் கணவரையே வெளியேறச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். (மாமியாரை அப்படி வெளியேற்ற முடியாது.) அவசரமென்றால், எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவும் கிடைக்கும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அப்படி முடிந்து நான் பார்த்தது அபூர்வம். நீதிமன்றம் வீடியோவுக்கு மாறிய அந்த மாதங்களில், பல பெண்களின் கையில் சொந்தமாக ஒரு போன்கூட இல்லை.

அதனால்தான் 4-ஆம் பிரிவை அக்கம்பக்கத்தார் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்கிறேன். பாதிக்கப்பட்டவரே வர வேண்டியதில்லை. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. பெண்கள் உதவி எண்ணான 181-க்கு எந்நேரமும் அழைக்கலாம்.

அந்தப் பெண்ணுக்காகத் தகவல் சொன்னது எதிர் வீட்டு அக்கா. ஜூனில் மனு போட்டபோது கையில் சரியான மருத்துவச் சான்று இல்லை. ஆஸ்பத்திரியில் "படியில் விழுந்துட்டேன்" என்று சொல்லியிருந்தார், ஏ.ஆர். காப்பியிலும் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) அதுவே பதிவாகியிருந்தது. அதைத் தாண்டி இடைக்கால உத்தரவு வாங்க எங்களுக்கு மூன்று வாய்தா பிடித்தது.