மோனோ ரயில்: ஒற்றைத் தண்டும் ஒரு செங்கோலும்

சென்னையில் நாற்பது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் 'மோனோ ரயில்' என்ற சொல் தெரியும். சென்னையில் அதில் ஏறிய ஆள்தான் ஒருவர்கூடக் கிடையாது. தேர்தல், ஆட்சி மாற்றம் என்று வந்தபோது செய்தித்தாளுக்குள் வந்து, பிறகு போய்விட்ட சொல் அது. வண்டியைத்தான் பார்க்க முடியவில்லை, சொல்லையாவது பார்ப்போம்.

'மோனோஸ்' என்றால் கிரேக்கத்தில் தனி, ஒற்றை. இதில் பெரிய சங்கதி இல்லை. 'ரயில்' என்ற பின்பாதிதான் ருசியானது. ஆங்கிலத்துக்கு அது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் லத்தீனில் 'ரெகுலா', அதாவது நேர்க்கோல், அளவுகோல். அதற்கும் அடியில் 'ரெகெரே' என்ற வினை இருக்கிறது. நேராகச் செலுத்து, ஆள் என்று பொருள். 'ரூல்' என்ற சொல்லும், ஆட்சியைக் குறிக்கும் 'ரெஜீம்' என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்தவைதான். ஆக, தண்டவாளமும் ஆட்சியும் லத்தீனில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

நமக்கு இது புதிதாகப் படவேண்டியதில்லை. கோல் என்பது நம்மிடமும் அளக்கும் கோல், ஆளும் கோல் இரண்டும்தான். நேராக நின்றால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். செங்கோலில் உள்ள செம்மை நிறமல்ல, நேர்மை. கொடு என்றால் வளைவு.

ஆங்கிலத்தில் 'ரயில்' என்பது கீழே கிடக்கும் கம்பி. நாம் அதைத் தூக்கி மேலே ஓடும் வண்டிக்குச் சூட்டிவிட்டோம். "ரயில் வந்துடுச்சு" என்றால் கம்பி வந்துவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. இதனால் ஒரு சின்னச் சிக்கல். 'மோனோ ரயில்' என்றதும் ஒற்றைக் கம்பி என்ற எண்ணம் தமிழ்க் காதுக்கு வருவதில்லை, ஒற்றை ரயில், கிட்டத்தட்ட ஒற்றைப் பெட்டி என்றுதான் கேட்கிறது. பத்திரிகைகள் அப்போது 'ஒற்றைத் தண்டவாள ரயில்' என்று விளக்கிச் சொல்லவேண்டி வந்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அதுவும் முழுக்கச் சரியல்ல. தண்டவாளம் என்றாலே நம் மனசில் இரும்புதான். ஆனால் இன்று பரவலாக உள்ள மோனோ ரயில் ஒரு கான்கிரீட் விட்டத்தின் மேல், குதிரைமேல் ஆள் கால் பரப்பி உட்கார்வதுபோல் உட்கார்ந்து, ரப்பர் சக்கரங்களில் ஓடுகிறது. கோலாலம்பூரில் 2003 முதல் ஓடுவதும், மும்பையில் 2014-ல் திறந்ததும் இந்த வகை. தலைகீழாகத் தொங்கி ஓடுவதும் உண்டு. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் 1901-ல் தொடங்கியது அந்த ரகம். அதில் மட்டும் மேலே இருப்பது உண்மையான இரும்புத் தண்டவாளம்.

சரி, சென்னைக்கு வருவோம். 2006 தேர்தலுக்குச் சற்று முன்பு, ஜெயலலிதா அரசு சென்னைக்கு மோனோ ரயில் என்று அறிவித்தது. மே மாதம் ஆட்சி மாறியது. கருணாநிதி அரசு அதை ஒதுக்கிவிட்டு மெட்ரோவைக் கையில் எடுத்தது. 2007 டிசம்பரில் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2008 நவம்பரில் ஜப்பான் கடனுக்குக் கையெழுத்தானது. 2009 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. 2011-ல் மறுபடி ஆட்சி மாறியதும் மோனோ ரயில் உயிர்த்தெழுந்தது. இந்த முறை நான்கு வழித்தடங்கள், 111 கிலோமீட்டர். வண்டலூரிலிருந்து புழலுக்கும் வேளச்சேரிக்கும், பூந்தமல்லியிலிருந்து கத்திப்பாராவுக்கும் வடபழனிக்கும். ஒப்பந்தப்புள்ளி கோருவதும் ரத்து செய்வதும் திரும்பக் கோருவதுமாக ஆண்டுகள் ஓடின. 111 சுருங்கி இருபது கிலோமீட்டருக்கு வந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

அதே 2011-ல் மெட்ரோவை ஏன் யாரும் நிறுத்தவில்லை என்பதுதான் நான் கவனிக்கச் சொல்வது. புதிய முதல்வருக்கு மெட்ரோமேல் தனிப் பாசம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் 100 அடி சாலையில் தூண்கள் எழுந்துவிட்டன. ஒப்பந்ததாரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். வெளிநாட்டுக் கடன் பத்திரம் இருக்கிறது, நிறுவனத்தில் மத்திய அரசுக்குப் பாதிப் பங்கும் இருக்கிறது. கைவிட்டால் செலவு, கட்டினால் பேர். மோனோவுக்கு இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது, அறிவிப்பு மட்டும்தான். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் மெட்ரோவைத் தொடங்கி வைத்தவர் ஜெயலலிதாதான். இது யார் கொண்டுவந்த திட்டம் என்ற சண்டை அன்றைக்கும் நடந்தது, இன்றைக்கும் தேநீர்க் கடையில் நடக்கிறது.

எதிராளிச் சொல்லான 'மெட்ரோ'வையும் தொட்டுவிடலாம். 1863-ல் லண்டனில் தொடங்கிய நிலத்தடி ரயில் நிறுவனத்தின் பெயர் மெட்ரோபாலிடன் ரயில்வே. பாரிஸ்காரர்கள் 1900-ல் தங்கள் ரயிலுக்கும் அதே பெயரை வைத்து, நாக்கு நோகாமல் 'மெட்ரோ' என்று வெட்டிக்கொண்டார்கள். 'மெட்ரோபோலிஸ்' கிரேக்கத்தில் தாய் நகரம். தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டாம். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் என்று அரசே எழுதுகிறது, அதனால் பெருநகர் ரயில் என்றால் சரியாகப் பொருந்தும். ஆனால் ஓடுகிற வண்டியின் நெற்றியில் மெட்ரோ என்று எழுதியாகிவிட்டது. இனி மாற்றுவது கடினம்.

சொல் கட்சி நிறம் பூசிக்கொள்வது நம்மூர் வழக்கம் மட்டுமல்ல. தமிழர்கள் நிறைய வாழும் டொராண்டோவின் ஸ்கார்பரோவைப் பாருங்கள். அங்கே சண்டை 'சப்வே' எனப்படும் நிலத்தடி ரயிலுக்கும் 'எல்ஆர்டி' எனப்படும் இலகு ரயிலுக்கும். 2010 டிசம்பரில் மேயராகப் பதவியேற்ற ராப் ஃபோர்டு, முந்தைய மேயரின் இலகு ரயில் திட்டம் முடிந்தது என்று முதல் நாளே அறிவித்தார். 2012-ல் மாநகரமன்றம் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. 2013-ல் அதே மன்றம் ஸ்கார்பரோவுக்கு மட்டும் மறுபடி சப்வே என்றது. அப்புறமும் நிலையங்களின் எண்ணிக்கை மூன்று, ஒன்று, மூன்று என்று ஏறி இறங்கியது. இதற்குள் அங்கே ஓடிக்கொண்டிருந்த பழைய ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டு, அத்தோடு மூடப்பட்டது. புதியது வரும்வரை பஸ்தான்.

இனி தமிழ்ச் சொல். 'ஒற்றைத் தண்டூர்தி' என்று ஒரு ஆக்கம் உண்டு. கேட்டதும் கொஞ்சம் சிரிப்பு வரலாம், எனக்கும் வந்தது. ஆனால் யோசித்தால் 'ஒற்றைத் தண்டவாள ரயி'லைவிட இது மேல். தண்டு இரும்பாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வாழைத்தண்டும் தண்டுதான். பல்லக்கைத் தாங்கும் கொம்பும் தண்டுதான், பல்லக்குக்கே தண்டிகை என்று ஒரு பெயர் இருக்கிறது. ஒற்றைத் தண்டில் தொங்கிப் போகும் வுப்பர்டால் ரயிலைப் பார்த்தால் மின்சாரம் சுமக்கும் பல்லக்கு என்று தோன்றும். கான்கிரீட் விட்டம், இரும்புக் கம்பி இரண்டுக்கும் இந்தச் சொல் இடம் கொடுக்கிறது.

இலக்கணம் சரியாக இருந்தால் மட்டும் சொல் நிற்காது என்பதற்கும் சென்னையிலேயே சாட்சி உண்டு. கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் போய், பிறகு வேளச்சேரிவரை நீண்ட மேம்பால ரயிலுக்கு அரசு வைத்த பெயர் எம்ஆர்டிஎஸ். மக்கள் அதைப் பறக்கும் ரயில் என்றார்கள். எந்தக் குழுவும் உட்கார்ந்து ஆக்கிய சொல் இல்லை அது, தலைக்கு மேலே போனதைப் பார்த்து வாயில் வந்தது. மோனோ ரயில் ஓடியிருந்தால் அதற்கும் இப்படி ஒரு பெயர் கிடைத்திருக்கும், வடபழனி பஸ் ஸ்டாண்டில் யாராவது வைத்திருப்பார்கள்.

எழுதுகிறவர்களுக்கு என் யோசனை: முதல் இடத்தில் 'ஒற்றைத் தண்டூர்தியான மோனோ ரயில்' என்று எழுதிவிட்டு, பிறகு மோனோ ரயில் என்றே தொடரலாம். சென்னைத் திட்டத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். 2006 மோனோ வேறு, 2011 மோனோ வேறு. பூந்தமல்லி – வடபழனி தடத்தில் இப்போது நிற்கும் தூண்கள் இரண்டுக்கும் சொந்தமல்ல, அவை கலங்கரை விளக்கத்திலிருந்து வரும் இரண்டாம் கட்ட மெட்ரோவின் தூண்கள்.