நடை குறைந்த பெரியவர்களுக்கு: வீட்டுக்கு வரும் பிசியோதெரபி, இலவச உபகரணங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் பல வீடுகள் மேட்டில்தான். படி ஏறினால்தான் முற்றம். முட்டு வலி வந்த பெரியவர் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போவதை நிறுத்துவார், அப்புறம் கடைக்குப் போவதை. "வயசு ஆச்சுல்லா" என்று வீட்டிலும் விட்டுவிடுகிறோம். பிள்ளைகள் வளைகுடாவில் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இதற்கு அரசு தருவது என்ன என்று கேட்டால் பலரும் சக்கர நாற்காலியைத்தான் சொல்வார்கள். முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல, பிசியோதெரபி. நடக்காத காலில் தசை கரைகிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நிலையில் இருந்த முதியவர்களே 10 நாள் படுக்கையில் இருந்ததில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தார்கள். வலிக்குப் பயந்து உட்கார உட்கார, எழுவது இன்னும் கடினமாகும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டமாகவே பலர் அறிவார்கள். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அதே திட்டத்தில் உண்டு. கட்டணம் கிடையாது. மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரிடமோ, துணை சுகாதார நிலையச் செவிலியரிடமோ, "எழுந்து நடக்கக் கஷ்டப்படுகிறார், பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட் வராத நாளிலும் அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்ய வேண்டும். பலன் அதில்தான் இருக்கிறது.

உபகரணங்களுக்கு மத்திய அரசின் 'ராஷ்டிரிய வயோஸ்ரீ யோஜனா' இருக்கிறது, 2017 முதல். வயது 60 நிறைந்திருக்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழோ, மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள்ளோ இருக்க வேண்டும். கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, மூக்குக்கண்ணாடி, பல்செட் எல்லாம் இதில் அடக்கம். தேவை என்று மதிப்பிட்டால் ஒன்றுக்கு மேலும் தருவார்கள். ஆதாரும் வருமானத்துக்கான சான்றும் வேண்டும். இதற்காக நடத்தும் முகாமில் முதலில் பரிசோதித்து அளவெடுப்பார்கள், பொருள் தருவது பிறகு வேறொரு நாளில். அன்றே கிடைக்கும் என்று நம்பி ஆட்டோ பிடித்து வந்து வெறுங்கையோடு திரும்பாதீர்கள்.

படிக்கட்டு வீட்டில் சக்கர நாற்காலி பெரும்பாலும் துணி போடத்தான் பயன்படும். அங்கே தடிதான் உதவும், அதுவும் சரியாகப் பிடித்தால். வலது முட்டில் வலி என்றால் தடி இடது கையில். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வர வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றிவிடுங்கள், நம் ஊர் மழைக்கு வழுக்கும்.

முகாம் எப்போது என்று நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் சமூக நலப் பிரிவில் விசாரிக்கலாம். முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 மணி வரை இலவசமாகப் பேசலாம்.