பேக்கப் என்றால் சேமிப்பு அல்ல, காப்புப்படி

"பயணத்தில் எடுத்த படங்களை ஹார்ட் டிஸ்க்கில் சேமித்தாயிற்று, இனி கேமராவின் மெமரி கார்டை அழிக்கலாம்." பேக்கப்புக்குச் 'சேமிப்பு' என்று போட்டுப் போட்டு வந்த வினை இது. கார்டை அழித்தபின் கையில் மிஞ்சுவது ஒரே பிரதி. அது இடமாற்றம், பேக்கப் ஆகாது.

ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் நின்று தாங்குவது என்று பொருள். நம்மிடம் 'கா' என்ற வேரில் பிறந்த காப்பு உண்டு: காப்புச் செய்யுள், திருவிழாவுக்குக் கட்டும் காப்பு. ஓலையைப் பார்த்து இன்னொரு ஓலையில் எழுதியது படி. மூலம் இருக்கும்போதே அதைக் காக்க எடுப்பது காப்புப்படி. 'காப்புப் பிரதி'யும் பொருளில் சரிதான். பிரதி வடசொல், அவ்வளவே.

'சேமிப்பு'தான் குழப்பம். சேவ் என்பதற்கும் அதே சொல் என்றால் எந்தப் பொத்தான் எதைச் செய்யும்? 'நகல்' அதைவிடச் சிக்கல். அரபியில் நக்ல் என்றால் படியெடுப்பதும் இடம் மாற்றுவதும். அந்த இரண்டாம் பொருள் தமிழுக்கு வரவில்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் செயலிகளைத் தமிழாக்குவோர் காப்பி என்பதற்கு 'நகலெடு', மூவ் என்பதற்கு 'நகர்த்து' என்று வைக்கிறார்கள். போனின் சிறு திரையில், இரவில் தங்கும் அறையில், தூக்கக் கலக்கத்தில் 'நக' என்று தொடங்கும் இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும். தவறிப்போய் 'நகர்த்து' பட்டு, நடுவில் கேபிள் அசைந்தால் படங்கள் இரு பக்கமும் அரைகுறையாகச் சிதறும். 'படியெடு', 'இடம் மாற்று' என்றால் இந்த ஆபத்தே இல்லை. கார்டை நேரடியாகச் செருகும் ஹார்ட் டிஸ்க்குகளிலும் படியெடுப்பது, இடம் மாற்றுவது என்ற இந்த இரு அமைப்புகள் வருவதுண்டு. பயணத்துக்கு முன்பே படியெடுப்பதாக மாற்றிவையுங்கள்.

லேப்டாப் இல்லாமல் போன், கார்டு ரீடர், ஹப் (பல கருவிகளைப் போனில் இணைக்கும் பெட்டி) வழியாகப் படியெடுப்பவர்கள் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் ஃபார்மேட் செய்வது நல்லது. வேறு அமைப்புகளில், என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் பல போன்களால் எழுத முடியாது. ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது. டிஸ்க் கிளிக் கிளிக் என்று தட்டி நின்றால் பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை. ஹப்பில் சார்ஜரைச் செருகுங்கள். போனோடு வரும் சார்ஜிங் கேபிள்கள் பல யுஎஸ்பி 2.0 வகை, நொடிக்குச் சுமார் 35 எம்பிதான், 64 ஜிபிக்கு அரை மணி நேரம். சுழலும் ஹார்ட் டிஸ்க்குகளை வழக்கமாக 3,048 மீட்டர் உயரம் வரைதான் இயக்கச் சொல்கிறார்கள், ஏனெனில் அவற்றில் தகவலைப் படிக்கும் தலை காற்றில் மிதக்கிறது, உயரத்தில் காற்று மெலிந்துவிடும். லடாக்கின் லே நகரமே சுமார் 3,500 மீட்டர். அங்கே சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் கொண்டுபோங்கள்.

முடிந்ததும் இரு பக்கமும் கோப்பு எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, நீளமான வீடியோவைக் கடைசி நொடி வரை டிஸ்க்கிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். எஜெக்ட் செய்யாமல் கேபிளைப் பிடுங்காதீர்கள். இரண்டாவது டிஸ்க்கிலும் படி ஏறி, இரண்டும் வெவ்வேறு பையில் போன பிறகு கார்டை அழிக்கலாம்.